இருநூறு கையெழுத்து

ஐஸ் கம்பெனியில் சங்கு மூன்று தடவை விட்டு விட்டு ஊதினால் என்ன அர்த்தம் என்று கீழ்ப்பள்ளத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாசலில் டிபன் பாக்ஸ் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

கம்பெனிக்குப் பலகையில் இருக்கிற பெயர் வெண்பனி கோல்டு ஸ்டோரேஜ். குமணன்சாவடி முனையில் இறங்கி உள்ளே பத்து நிமிடம் நடந்தால் வரும். மீன், ஐஸ்கிரீம், பச்சைப் பட்டாணி எல்லாம் அடுக்கி வைக்கிற கிடங்கு. அங்கே ஒரு ஐஸ் கட்டிகூடத் தயாராவதில்லை, ஆனாலும் தெருவுக்கு அது ஐஸ் கம்பெனிதான். உள்ளே குளிரை உண்டாக்குவது அம்மோனியா. குழாய்க்குள் ஓடுகிற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும். வெளியே வந்தால் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிவிடும். இதைச் சுற்றியிருக்கிற ஜனங்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சொல்லிவிட்டோம் என்று கம்பெனி வருஷா வருஷம் எழுதிக் கொடுக்கிறது. இந்தச் சட்டத்துக்கும் அந்தக் காகிதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நாகவல்லி.

அவள் அங்கே கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள். எட்டு வருஷமாக. வீடு கீழ்ப்பள்ளத் தெருவிலேயே இருந்ததால் பாதுகாப்பு அதிகாரி ரவிச்சந்திரன் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, பச்சைக் கலரில் கையில்லாத சட்டை ஒன்றைக் கொடுத்தார். முதுகில் 'மக்கள் விழிப்புணர்வுத் தன்னார்வலர்' என்று அச்சடித்திருந்தது. அவள் அதைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நாகவல்லிக்கு உள்ளுக்குள் பெருமைதான். துடைப்பம் இல்லாமல் கம்பெனி அவளுக்குக் கொடுத்த முதல் வேலை அது.

முதல் வருஷ ஒத்திகைக்குச் சங்கு ஊதியதும் வந்தது பதினொரு பேர். அதில் நான்கு பேர் வழி தவறி வந்த கூரியர்காரர்களும் டீக்கடைக்காரரும். தணிக்கைக்கு வந்தவர் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இருநூறு வீடு இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ஆளைக் காணோமே?" என்று கேட்டார். ரவிச்சந்திரன் முகம் தொங்கிப்போனது. நல்ல மனுஷன்தான் அவர். யாரையும் வாடா போடா என்று பேசாதவர். ஆனால் அவருக்குக் கசிவைவிடக் காலிப் பக்கத்தைக் கண்டால்தான் அதிகப் பயம்.

"சார், சும்மா கூப்ட்டா எவன் சார் வருவான்?" என்றாள் நாகவல்லி. "அவவனுக்கு வேல கீது. கைல எதுனா குடுத்துப் பாருங்க, அப்புறம் தெருவே வந்து நிக்கும்."

அன்றைக்குத்தான் ரவிச்சந்திரன் அவளைத் தன் அறையில் முதல்முறையாக உட்காரச் சொன்னார். டீயும் வந்தது. யோசனை அவளுடையது. இதை அவள் பிற்பாடு மறக்க எவ்வளவோ பாடுபட்டாள், முடியவில்லை.

அடுத்த வருஷம் மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்தில் சாம்பார் சாதப் பொட்டலம். நூற்றி இருபது பேர். அதற்கடுத்த வருஷம் மூடியில் கம்பெனி பெயர் பொறித்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ். தெருவே காலியாகி வாசலுக்கு வந்துவிட்டது. வாசலில்தான் கூட வேண்டும் என்று முடிவு செய்தவர் ரவிச்சந்திரன். உள்ளபடி காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக ஜனங்களை விலக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அவருடைய கோப்பிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறது. ஆனால் வாசலில் நின்றால்தான் புகைப்படத்தில் கம்பெனிப் பலகை தெரியும்.

எப்படி நடக்குமென்றால், சங்கு ஊதும். ஜனம் ஓடி வரும். மேஜையில் பதிவேடு இருக்கும். ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டப்பாவை வாங்கிக்கொள்வார்கள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், 'வாயுக் கசிவின்போது செய்ய வேண்டியவற்றை எனக்கு நேரில் விளக்கினார்கள். புரிந்துகொண்டேன்' என்று இருக்கும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். ரவிச்சந்திரன் ஒலிபெருக்கியில், கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள், கண்ணில் பட்டால் கசக்காமல் பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். யார் கேட்டது? மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று திருகிப் பார்த்துக்கொண்டிருந்தது தெரு. நாகவல்லியும் கேட்டதில்லை. அவளுக்கு டப்பா எண்ணிக் கொடுக்கவே கை போதவில்லை.

போன மார்ச்சில் டப்பா தீர்ந்துபோய்விட்டது. பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். ரவிச்சந்திரன் சொன்னபடி நாகவல்லி வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து, "முடிஞ்சிபோச்சு, வராதீங்க, திரும்பிப் போங்க," என்று கத்தினாள். நியாயமாகத் திரும்பிப் போனவர்கள் வெறுங்கையோடு போனார்கள். கேளாமல் முண்டியடித்து உள்ளே வந்தவர்களுக்கு, அதிகாரிகளுக்கென்று எடுத்து வைத்திருந்ததிலிருந்து ஆளுக்கொன்று கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். கீழ்ப்பள்ளத் தெரு அன்றைக்கு ஒரு பாடம் படித்தது. கம்பெனி அத்தனை வருஷம் கற்றுக்கொடுத்ததில் தெருவின் மண்டையில் ஒழுங்காக ஏறியது அது ஒன்றுதான்.

சாயங்காலம் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் நூற்றி எண்பத்தேழு.

"பதிமூணு குறையுதும்மா," என்றார் ரவிச்சந்திரன். "இருநூறுன்னு மேல சொல்லிட்டேன். உங்க தெரு ஆளுங்கதானே, பேர் எல்லாம் உனக்குத் தெரியும். ஃபில் பண்ணிடு."

கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு பேனாவை மாற்றி மாற்றிப் பதின்மூன்று கையெழுத்தையும் நாகவல்லி போட்டாள். ஒன்பதாவது பெயர் லத்தீஃபா.

லத்தீஃபா அடுத்த வீட்டுக்காரி. நாகவல்லியைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் போன பிறகு தையல் மிஷினை வைத்தே மகன் அஜ்மலை ஆளாக்கினவள். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஜாக்கெட் தைப்பது, கொக்கி கட்டுவது. பூந்தமல்லி ஜவுளிக்கடைக்காரர்கள் ஆள் அனுப்பித் துணி கொடுத்து வாங்கிப் போகிற அளவுக்குச் சுத்தமான கை. நாகவல்லியின் பெண் போட்டுக்கொண்டு போகிற பள்ளிக்கூடச் சீருடை முழுக்க அவள் தைத்தது. ஒத்திகை நடந்த அன்றைக்குக் கல்யாண ஜாக்கெட் பதினாறு கொடுக்க வேண்டியிருந்ததால் அவள் மிஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"தெருவுக்கே டப்பா கெடச்சுது, எனக்குத்தான் இல்ல," என்று மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அஜ்மலு கேக்குறான், பக்கத்து ஊட்லயே ஆபீசர் இருந்தும் நமக்கு ஒண்ணு கெடைக்கலியாம்மான்னு."

"அடுத்த தபா சங்கு ஊதுச்சுன்னா மிஷின அப்டியே போட்டுட்டு வந்துருக்கா," என்றாள் நாகவல்லி. "மொத ஆளா வாசாண்ட நில்லு. உனுக்குன்னு ஒண்ணு நா எடுத்து வெக்கிறேன்."

கையெழுத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. சொல்லும்படியான விஷயமாகவே அப்போது தோன்றவில்லை.

சங்கு அடுத்த முறை ஊதியது செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற இயந்திர அறையில் ஒரு வால்வு பிய்த்துக்கொண்டது. நாகவல்லி பின்பக்கம் பேக்கிங் ஹாலில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரையும் பின் கதவு வழியாக வெளியே தள்ளினார்கள். சங்கு முதல் தடவை ஊதியபோது பிழைத்தோம் என்று நினைத்தாள். இரண்டாவது தடவை ஊதும்போது அவளுக்கு டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. தெரு இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

மதில் ஓரமாக ஓடினாள். செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. முன்வாசல் பக்கம் திரும்பியபோது அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கடைசி வீட்டு ஜெகதாம்பாள் கையில் ஒயர் கூடையோடு. பின்னால் முப்பது நாற்பது பேர். வேலைக்குப் போனவர்கள் போக வீட்டில் இருந்த பெண்கள்தான் அதிகம். கேட்டுக்குள்ளே வெள்ளையாக ஏதோ தரையோடு தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. டப்பா வைக்கிற மேஜையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாகவல்லி இரண்டு கையையும் விரித்தாள். "வராதீங்க. திரும்பிப் போங்க. போங்கடி."

"பாத்தியா, ஆரம்பிச்சிட்டா," என்றாள் ஜெகதாம்பாள் பின்னால் திரும்பி. "போன தபாவும் இத்தத்தான் சொன்னா. வுடாதீங்க, உள்ள பூருங்க."

புகுந்துவிட்டார்கள். காற்று ஒரு தரம் தெருப்பக்கம் திரும்பியது. அதற்கப்புறம் யாரும் யாரையும் தள்ளவில்லை, விழுந்தடித்துத் திரும்பி ஓடினார்கள். ஓடின கூட்டத்தின் காலடியில் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஒருத்தி குப்புற விழுந்து கிடந்தாள். கழுத்தில் தையல் அளவு டேப் தொங்கியது. நாகவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் லத்தீஃபாவை இழுத்து வந்தாள். எதிர்க்கடை நிழலில் மடியில் போட்டுக்கொண்டு, "கண்ணு எரியுது வல்லி, கண்ணு எரியுது," என்று அவள் துடிக்கத் துடிக்க, முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டாள். இரண்டடி தள்ளிக் கடை வாசலில் தண்ணீர்க் குடம் இருந்தது.

கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் அம்மா அஜ்மலிடம் சொல்லும்போது நாகவல்லி பக்கத்தில் நின்றாள். உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாமாம். யாரோ துணியால் தேய்த்திருக்கிறார்களாம். அஜ்மல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். நாகவல்லி மாடிப்படி திருப்பத்தில் போய் நின்று தன் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வெட்டி எறிய வேண்டும்போல இருந்தது.

அஜ்மல் புகார் எழுதிக் கொடுத்தான். கம்பெனி எங்களுக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, சங்கு ஊதினால் வாசலுக்கு வரத்தான் பழக்கினார்கள் என்று. ரவிச்சந்திரன் நாகவல்லியைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவையும் உட்காரச் சொன்னார்.

"விசாரணைக்கு ஆபீசர் வர்றார்மா. நீ வீடு வீடாப் போய் எல்லாம் விளக்கமாச் சொன்னேன்னு சொன்னாப் போதும். பதிவேடு இருக்கு, மீதியை அது பேசும்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ஜனவரியில பர்மனென்ட் லிஸ்ட் வருது. உன் பேரை நானே எழுதியிருக்கேன். பொண்ணு பிளஸ் டூ போறா இல்ல?"

மிரட்டியிருந்தால்கூட அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அக்கறையாகச் சொன்னார், பாவி மனுஷன்.

விசாரணை கம்பெனியின் கூட்ட அறையில் நடந்தது. ஏசி விறைத்தது. நீள மேஜையின் ஒரு முனையில் ஆய்வு அதிகாரி. மறுமுனையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லத்தீஃபா, பக்கத்தில் அஜ்மல். பச்சைச் சட்டையோடு வந்து சுவரோரமாக நிற்கும்படி நாகவல்லிக்குச் சொல்லியிருந்தார்கள்.

ரவிச்சந்திரன் பதிவேட்டைத் திறந்து விரலை வைத்தார். "இது மார்ச் மாசப் பயிற்சி சார். நூத்தித் தொண்ணூத்தாறாவது வரி. லத்தீஃபா. புரிந்துகொண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்புறமும் வாசலுக்கு வந்திருக்காங்கன்னா, நாங்க என்ன சார் செய்ய முடியும்?"

"நா அன்னிக்குப் போவவே இல்லியே," என்றாள் லத்தீஃபா. "மிஷின்ல இருந்தேன். எந்தக் கையெழுத்தும் நா போடல."

"மறந்திருக்கலாம்மா," என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. பதிவேட்டைத் திருப்பி மேஜையின் மேல் அவள் பக்கமாகத் தள்ளினார். "இதை நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. உங்களுதுதானா?"

லத்தீஃபா கையை நீட்டிக் காகிதத்தைத் தடவினாள். ஜாக்கெட் துணியில் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தடவிப் பார்க்கிற அதே விரல். அதிகாரிக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இருமிக்கொண்டு பதிவேட்டை இழுத்துக்கொண்டார்.

"அத்தப் போட்டது நாந்தான் சார்," என்றாள் நாகவல்லி.

லத்தீஃபாவின் முகம் குரல் வந்த பக்கம் மெதுவாகத் திரும்பியது.

"மொத்தம் பதிமூணு பேருது நா போட்டேன். எரநூறு ஆவலன்னு சார் போடச் சொன்னாரு. நா யாருக்கும் எதுவும் சொல்லித் தரல சார். எனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா அவங்க கண்ண நா தொடச்சிருக்க மாட்டேன். வாசலுக்கு வான்னு நாந்தான் கூப்ட்டேன்."

"போடச் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"வாயால சொன்னாரு சார்."

ரவிச்சந்திரன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு கணக்குப் போட்டு முடித்த நிம்மதிதான் இருந்தது. "எனக்கு இது அதிர்ச்சியா இருக்கு சார்," என்றார்.

"அப்புறம் அந்த வால்வு சார்," என்றாள் அவள் விடாமல். "ரெண்டு மாசமா கசியுதுன்னு அதும்மேல ஈரச்சாக்கு சுத்தித்தான் வெச்சிருந்தாங்க. தெனம் தண்ணி ஊத்துனது நானு."

"அது வேற கமிட்டிம்மா," என்று அதிகாரி பேனாவை மூடினார்.

அறிக்கை டிசம்பரில் வந்தது. அஜ்மல் அதைத் தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்று நாகவல்லிக்குப் படித்துக் காட்டினான். உதவிக்காகப் படிக்கவில்லை, அவள் கேட்கட்டும் என்றுதான் படித்தான். கம்பெனியின் விழிப்புணர்வுத் திட்டம் சிறப்பாக வகுக்கப்பட்டிருந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரின் மோசடியால் அது சிலரைச் சென்றடையவில்லை. சம்பந்தப்பட்டவரை நிர்வாகம் உடனடியாக நீக்கிவிட்டது. இத்தகைய தனிநபர் ஒழுங்கீனத்தைத் தவிர்க்க இனி கையெழுத்துக்குப் பதில் கைரேகை இயந்திரம் வைக்கப்படும். அவ்வளவுதான். அவள் சொன்ன உண்மையை வாங்கி, துடைத்துச் சுத்தம் செய்து, தங்கள் கதவுக்கே தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டார்கள். பொய் சொல்லியிருந்தால் லத்தீஃபாவின் தலையில் விழுந்திருக்கும். உண்மை சொன்னதால் நாகவல்லியின் தலையில் விழுந்தது. எப்படிச் சொன்னாலும் கம்பெனி மேல் மட்டும் விழாதபடிதான் அந்தப் பதிவேடே செய்யப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"எங்கம்மா உங்க பேச்சையே எடுக்க வேணான்னு சொல்லிக்கீது," என்றான் அஜ்மல் தாளை மடித்துக்கொண்டே. "ஊட்டுப் பக்கம் வராதீங்கக்கா."

அவள் போகவில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அடுத்த சுவருக்கு அப்பால் முன்பு இரவு பகலாக ஓடிய மிஷின் சத்தம் இல்லாமல் வீடே செவிடாகிவிட்டதுபோல இருந்தது.

மார்ச் வந்தது. ஒத்திகைக்கு முதல்நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, நாளை நடப்பது வெறும் பயிற்சிதான், பொதுமக்கள் அச்சமின்றித் திரளாக வந்து ஆதரவு தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பச்சைச் சட்டை இப்போது வேறொருத்தியிடம். கைரேகை இயந்திரம் இன்னும் வந்து சேரவில்லை, மேஜையில் அதே பதிவேடுதான். மறுநாள் பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. ஒருத்தரும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. பிறகு ஒரு கதவு திறந்தது. ஜெகதாம்பாள் செப்டம்பரிலிருந்து விடாத இருமலோடு, ஒயர் கூடையோடு வெளியே வந்தாள்.

"ஹாட்பாக்ஸாம்டி இந்தத் தபா," என்றாள் பொதுவாகத் தெருவைப் பார்த்து. அப்புறம் கதவுகள் வரிசையாகத் திறந்தன.

நாகவல்லி தன் வீட்டுக்குள் ஓடினாள். வாளியில் துண்டை முக்கி எடுத்துக்கொண்டு நேராக அடுத்த வீட்டுக்குள் போனாள். அஜ்மல் வேலைக்குப் போயிருந்தான். லத்தீஃபா உறை போட்டு மூடிய மிஷினுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நாகவல்லி கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். சமையலறை ஓட்டையில் பழைய துணியை அடைத்தாள். பிறகு ஈரத்துண்டை லத்தீஃபாவின் கையில் வைத்தாள்.

"மூஞ்சில வெச்சுக்கோக்கா."

விசாரணைக்குப் பிறகு இப்போதுதான் லத்தீஃபா அவளோடு பேசினாள். "நெசமா, டிரில்லா?"

"டிரில்லுதாங்கா. நேத்தே ஆட்டோல சொன்னாங்க."

"அப்ப கதவ எதுக்கு சாத்துற?"

வெளியே செருப்புச் சத்தமும் சிரிப்பும் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. லத்தீஃபா துண்டைப் பிழிந்து, நாலாக மடித்து, விளிம்பெல்லாம் சரியாகப் பொருந்துகிறதா என்று விரலால் பார்த்து மிஷின் மேல் வைத்தாள்.

"ஹாட்பாக்ஸாமே, ஜெகதாம்பா சொல்லிக்கினு போச்சு," என்றாள். "நீயும் போ வல்லி. எனுக்கும் சேத்து ஒண்ணு வாங்கிக்கினு வா. என் கையெழுத்துதான் உனுக்கு நல்லா வருமே."